வீட்டைக் காக்க எந்தத் தோட்டா? ஜிம் கார்பெட்டின் வாழ்க்கை சொல்லும் விடை

நகரத்தின் ஓரத்தில் ஏதோ ஒரு தனி வீட்டில் கொள்ளை என்று செய்தி வருகிறது. அன்றிரவு கதவைத் தாழிட்ட பிறகும் எழுந்துபோய் இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிறீர்கள். தூக்கம் வராமல் போனைக் கையில் எடுத்தால், அமெரிக்காவில் ஒருவர் மேஜை மேல் தோட்டாக்களை வரிசையாக நிறுத்தி வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் புகுந்தவனைத் தடுக்க ஷாட்கன்னில் எதைப் போட வேண்டும் என்று பாடம் நடத்துகிறார். சின்ன ரவையா, பெரிய ரவையா, ஒற்றைக் குண்டா?

நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால், இந்தக் கேள்வி இந்தியாவுக்குப் புதிதில்லை. நூறு வருடங்களுக்கு முன் இமயமலை அடிவாரத்தில், இன்றைய உத்தராகண்டில், பல்லாயிரம் குடும்பங்கள் இதே கேள்வியோடு ராத்திரிகளைக் கழித்தன. அவர்கள் கதவுக்கு வெளியே நின்றது திருடன் அல்ல, மனிதர்களைத் தின்னப் பழகிய சிறுத்தையும் புலியும்.

அந்தக் கதவுகளுக்கு முன்னால் துப்பாக்கியோடு காவல் இருந்தவர்களில் ஒருவரை உங்களுக்குத் தெரியும். பள்ளிப் பாடத்தில் அவர் பெயரில் ஒரு தேசியப் பூங்கா வரும். ஜிம் கார்பெட். தோட்டாவைப் பற்றி அவரைவிட அனுபவமாகத் தெரிந்தவர்கள் குறைவு. அவருடைய வாழ்க்கையை அந்தக் கண்ணோட்டத்தில் படித்தால், வீட்டுக் காவலுக்கு எந்தத் தோட்டா என்ற கேள்விக்கு நாம் எதிர்பார்க்காத ஒரு விடை கிடைக்கிறது.

முதலில், தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

கதைக்குள் போவதற்கு முன் ஒரு சின்ன விளக்கம். ரைஃபிள் ஒரே ஒரு குண்டைச் சுழற்றி அனுப்பும். அதற்காக அதன் குழலின் உட்புறத்தில் சுருள் வரிகள் வெட்டியிருப்பார்கள். ஷாட்கன்னின் குழல் உள்ளே வழுவழுப்பானது. ஒரே வெடியில் பல ரவைகளை அள்ளி வீசுவதற்காகச் செய்தது அது.

இந்தியாவில் அதிகம் புழங்கும் ஷாட்கன் 12 போர். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாகப் பிரித்தால், ஓர் உருண்டை எவ்வளவு பெரிதோ அதுதான் குழலின் விட்டம். சுமார் 18.5 மில்லிமீட்டர். தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் மூடி, அதன்மேல் வெடிமருந்து, நடுவில் ஓர் அடைப்பு, அதற்கு மேல் ரவை. அவ்வளவுதான்.

வித்தியாசம் ரவையில்தான். பறவை சுடும் தோட்டாவில் 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவுள்ள ரவைகள் 200-க்கும் மேல் இருக்கும். மான், பன்றி போன்ற விலங்குகளுக்கான தோட்டாவில் 8, 9 மில்லிமீட்டர் ரவைகள் சிலதான் இருக்கும். இந்தியக் கடைகளில் எல்ஜி, எஸ்ஜி என்ற பெயர்களில் கிடைப்பவை இந்த வகை. மூன்றாவது வகையில் ஒரே ஒரு கனமான ஈயக் குண்டு.

ஒவ்வொன்றிலும் ஒரு லாபம், ஒரு நஷ்டம். சின்ன ரவை சீக்கிரம் வேகம் இழக்கும், ஆழமாகப் போகாது. அதனால் பக்கத்து அறையில் இருப்பவருக்கு ஆபத்து குறைவு. ஆனால் பெரிய உயிரை அது நிறுத்தாது, காயப்படுத்தி அனுப்பும். ஒற்றைக் குண்டு நிறுத்தும். ஆனால் குறி தவறினால் கதவைத் துளைத்துக்கொண்டு அப்பாலும் போகும். பெரிய ரவை இரண்டுக்கும் நடுவில். வாதம் எல்லாம் இந்த மூன்றையும் சுற்றித்தான். இப்போது கார்பெட்டிடம் வருவோம்.

குழல் வெடித்த துப்பாக்கியோடு ஒரு சிறுவன்

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875 ஜூலை 25 அன்று நைனிடாலில் பிறந்தார். அப்பா கிறிஸ்டோபர் அந்த ஊரின் போஸ்ட் மாஸ்டர். பெரிய குடும்பம். ஜிம்முக்கு ஆறு வயது ஆவதற்குள் அப்பா இறந்துவிட்டார். அம்மா மேரி ஜேன்தான் பிள்ளைகளை வளர்த்தார். கோடையில் நைனிடால், குளிர்காலத்தில் கீழே காலாதூங்கி. காட்டின் ஓரத்திலேயே வளர்ந்ததால், அவருக்கு முதல் பள்ளிக்கூடம் காடுதான்.

கவண், வில் அம்பு என்று தொடங்கிய சிறுவனுக்கு ஓர் உறவினர் மூலம் முதல் துப்பாக்கி கிடைத்தது. பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி. குழலின் வாய் வழியாக மருந்தையும் ரவையையும் இடித்து நிரப்ப வேண்டிய வகை. யாரோ அளவுக்கு மீறி மருந்து போட்டுச் சுட்டதில் அதன் ஒரு குழல் வெடித்துப் பிளந்திருந்தது. கட்டையைப் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். மிச்சம் இருந்த ஒரு குழலை வைத்துத்தான் ஜிம் சுடக் கற்றுக்கொண்டார்.

பத்து வயதில், நைனிடால் தன்னார்வப் படையின் ரைஃபிள் ஒன்றைக் கடனாகப் பெற்றார். அதைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், சுட்ட பிறகு வெற்றுத் தோட்டாக்களைத் திருப்பித் தர வேண்டும். அதுதான் நிபந்தனை. இந்த இரண்டு துப்பாக்கிகளும் அவருக்குச் சொல்லித் தந்தவற்றை நினைத்துப் பாருங்கள். அதிக மருந்து போட்டால் அதிக பலம் என்று நினைத்தவனின் குழல்தான் வெடித்தது. சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்குக் காட்ட வேண்டும்.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. அந்தச் சிறுவனின் கையில் துப்பாக்கி சுலபமாக வந்ததற்கு அவன் பிறப்பும் ஒரு காரணம். 1878-ல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்த ஆயுதச் சட்டப்படி, இந்தியர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியர்களுக்கோ விலக்கு உண்டு. அதே மலையில், அதே புலிக்குப் பயந்து வாழ்ந்த விவசாயிக்கு இருந்த தடை, போஸ்ட் மாஸ்டர் மகனுக்கு இருக்கவில்லை.

பதின்ம வயது முடிவதற்குள் கார்பெட் வேலைக்குப் போய்விட்டார். வங்காள, வடமேற்கு ரயில்வேயில் விறகு எரிபொருள் பிரிவில் தொடங்கி, பிறகு பிகாரில் கங்கைக் கரையிலுள்ள மொகாமா காட்டில் சரக்கு மாற்றும் ஒப்பந்தக்காரராக ஏறக்குறைய 20 ஆண்டுகள் இருந்தார். வேட்டை அவருடைய தொழில் அல்ல. லீவு போட்டுவிட்டுத்தான் ஆட்கொல்லிகளைத் தேடிப் போனார். நம்மைப் போல சம்பளத்துக்கும் லீவுக்கும் நடுவில் வாழ்ந்த மனிதர்.

1907: தாசில்தாரின் துப்பாக்கி

1907-ல் குமாவுன் மலையின் சம்பாவத் பகுதிக்கு அவரை அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண் புலி. நேபாளத்தில் 200 பேரைக் கொன்றுவிட்டு, அங்கிருந்து விரட்டப்பட்டு எல்லை தாண்டி வந்தது. கார்பெட் பதிவு செய்த கணக்குப்படி மொத்தம் 436 உயிர்கள். அவர் போய்ச் சேர்ந்தபோது கிராமமே கதவை அடைத்துக்கொண்டு உள்ளே கிடந்தது. தண்ணீர் எடுக்கக்கூட யாரும் வெளியே வரவில்லை.

புலியைக் காட்டிலிருந்து விரட்டி வெளியே கொண்டுவர ஆட்கள் தேவைப்பட்டார்கள். சம்பாவத் தாசில்தார் ஒரு காரியம் செய்தார். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகளைக் கொண்டுவந்தால் கண்டுகொள்ள மாட்டேன், தேவைப்பட்டால் தோட்டாவும் தருவேன் என்று ஊருக்குள் தெரியப்படுத்தினார். 298 பேர் கூடினார்கள். அவர்கள் கொண்டுவந்த துப்பாக்கிகளைச் சேர்த்து ஓர் அருங்காட்சியகமே வைத்திருக்கலாம். சட்டம் தடுத்தும் எத்தனை வீடுகளில் துப்பாக்கி ஒளிந்திருந்தது என்பது அன்றைக்குத்தான் வெளியே தெரிந்தது. இத்தனை துப்பாக்கி இருந்தும் அந்தப் புலி ஊர் ஊராக ஆட்களைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தது.

கார்பெட்டிடம் அன்று இருந்தது ரைஃபிளும் மூன்றே தோட்டாக்களும். புலி வெளியே வந்ததும் மூன்றும் தீர்ந்துவிட்டன. காயம்பட்ட புலி எதிரே நிற்கிறது, கையில் ரவுண்டு இல்லை. ஓடிப்போய் தாசில்தாரின் ஷாட்கன்னை வாங்கி வந்தார். பக்கத்தில் வந்த பிறகுதான் கவனித்தார். குழலுக்கும் பின்புறக் கட்டைக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இடைவெளி. சுட்டால் அவர் முகத்திலேயே வெடிக்கலாம். உள்ளே இருந்தது ஒற்றைக் குண்டு.

20 அடி தூரம். திறந்திருந்த வாயைக் குறிவைத்துச் சுட்டார். புலி விழுந்தது. பிறகு பார்த்தால், குண்டு வாயில் படவே இல்லை. முன்னங்காலில் பட்டு, விரலால் பிடுங்கி எடுக்கிற அளவுக்கு மேலாகத்தான் பதிந்திருந்தது. புலியைக் கொன்றது அதற்கு முன்னால் ரைஃபிளில் இருந்து பாய்ந்த குண்டுகள்.

இந்த 20 அடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஹாலின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை இருக்கும் தூரம்தான் அது. ஷாட்கன் இருந்தால் குறி பார்க்கவே வேண்டாம், சுட்டால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் தூரத்தில் ரவைகூட ஒரு கையகலத்துக்கு மேல் பெரிதாகப் பரவாது. குமாவுனின் மிகச் சிறந்த துப்பாக்கிக்காரரே 20 அடியில் தவறவிட்டார் என்றால், நடுராத்திரியில் தூக்கத்திலிருந்து எழுந்த ஒருவரின் கை எப்படி இருக்கும்?

காயம்தான் ஆட்கொல்லியை உருவாக்கியது

சம்பாவத் புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது இன்னொரு விஷயம் தெரிந்தது. வலப்பக்கத்துக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. ஒன்று பாதி, இன்னொன்று எலும்பு வரை. எப்போதோ யாரோ சுட்ட காயம். அந்தப் பற்களோடு மானை அடித்துக் கொல்ல அதனால் முடியவில்லை. அதனால்தான் மனிதர்களின் பக்கம் திரும்பியது என்பது கார்பெட்டின் முடிவு.

இது ஒரு புலியின் கதை மட்டும் இல்லை. 1938 நவம்பரில், 63 வயதில், தாக் என்ற கிராமத்துக்கு அருகே அவர் கொன்ற பெண் புலியின் உடம்பிலும் இரண்டு பழைய துப்பாக்கிக் காயங்கள். ஒன்று சீழ் பிடித்துப் போயிருந்தது. கவனமில்லாமல் சுட்டு, காயம்பட்ட விலங்கைத் தேடிப் போகாமல் விட்டதுதான் பல ஆட்கொல்லிகளின் தொடக்கம் என்று அவர் திரும்பத் திரும்ப எழுதினார். முள்ளம்பன்றியின் முள் இன்னொரு காரணம்.

யோசித்துப் பாருங்கள். தவறான தோட்டா, தவறான தூரம், அவசரத்தில் ஒரு விசை. சுட்டவன் வீட்டுக்குப் போய்விட்டான். அந்தக் கணக்கைத் தீர்த்தது பல மைல் தள்ளி, புல் அறுக்கப் போன யாரோ ஒரு பெண். தோட்டா துப்பாக்கியை விட்டுப் போன பிறகும் அதன் கதை முடிவதில்லை.

பனாரில் ரவையும் இருட்டும்

1910-ல் பனார் பள்ளத்தாக்கின் சிறுத்தையைத் தேடிப் போனார் கார்பெட். 400 பேரைக் கொன்றதாகக் கணக்கு. போகிற வழியில் ஒரு தனி வீட்டில் இளம் தம்பதி. புழுக்கத்துக்காகக் கதவைத் திறந்து வைத்துத் தூங்கிய ஒரு ராத்திரியில் சிறுத்தை மனைவியின் கழுத்தைக் கவ்வி இழுத்தது. கணவன் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினான். பிறகு விடியும் வரை சிறுத்தை அந்தக் கதவைப் பிறாண்டியது. கதவு தாங்கியது. ஆனால் கழுத்துக் காயம் சீழ் வைத்துவிட்டது. அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. கார்பெட் அன்றிரவு அந்த வீட்டுக்குக் காவல் இருந்தார். சிறுத்தை வரவில்லை.

செப்டம்பரில் மறுபடியும் போனபோது அவர் கையில் ஷாட்கன், அதில் பெரிய ரவை. ஏன் ரைஃபிள் இல்லை? நிலா இல்லாத இருட்டு. குழல் முனையே கண்ணுக்குத் தெரியாது. கட்டி வைத்திருந்த வெள்ளை ஆட்டை வைத்துத்தான் சிறுத்தை எங்கே இருக்கிறது என்று ஊகிக்க முடியும். அந்த நிலைமைக்கு அதுதான் சரியான தேர்வு. அப்படியும் முதல் வெடியில் சிறுத்தை சாகவில்லை, காயத்தோடு மறைந்தது.

காயம்பட்ட சிறுத்தையை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. ஊர் ஆண்கள் பைன் மரச் சுள்ளிப் பந்தங்களோடு பின்னால் வர, கார்பெட் முன்னே நடந்தார். சிறுத்தை பாய்ந்தது. வந்தவர்கள் பந்தங்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கீழே விழுந்து எரிந்த அந்தப் பந்தங்களின் வெளிச்சத்தில்தான் அவரால் சிறுத்தையின் மார்பைப் பார்த்துச் சுட முடிந்தது. அன்றைக்கு அவர் உயிரைக் காப்பாற்றியதில் ரவைக்கு எவ்வளவு பங்கோ, வெளிச்சத்துக்கும் அவ்வளவு பங்கு.

ருத்ரபிரயாக்: 4,300 துப்பாக்கிகளும் ஒரு சிறுத்தையும்

நம் கேள்விக்கு மிக நேரடியான விடை கிடைக்கும் இடம் இதுதான். கேதார்நாத், பத்ரிநாத் போகும் யாத்திரைப் பாதையில் இருக்கிறது ருத்ரபிரயாக். 1918-லிருந்து 1926 வரை அங்கே ஒரே ஒரு சிறுத்தை, அரசுக் கணக்குப்படி 125 பேரைக் கொன்றது. 1918 இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோயில் எரிக்க ஆள் இல்லாமல் பள்ளத்தில் வீசப்பட்ட பிணங்களைத் தின்று பழகியதுதான் தொடக்கம் என்று கார்பெட் கருதினார்.

அரசாங்கம் என்ன செய்தது? கர்வாலில் ஏற்கெனவே சுமார் 4,000 துப்பாக்கி லைசென்ஸ்கள் இருந்தன. அதற்கு மேல் 300-க்கும் அதிகமான சிறப்பு லைசென்ஸ்களைக் கொடுத்தது. லீவில் ஊருக்குப் போகும் கர்வால் படைவீரர்கள் ரைஃபிளை எடுத்துப்போகலாம் என்றது. 10,000 ரூபாய் பரிசும் இரண்டு கிராமங்களும் தருவதாக அறிவித்தது. விஷம், இரும்புப் பொறி, எல்லாம் வைத்துப் பார்த்தது. எட்டு வருடம். சிறுத்தை மட்டும் அகப்படவில்லை.

ஏன் என்று அந்த மரணங்களைப் பார்த்தால் புரியும். ஒரு வீட்டில் இரண்டு நண்பர்கள் கதவைத் திறந்து வைத்து ஹூக்கா புகைத்துக்கொண்டிருந்தார்கள். குழாயை ஒருவர் மற்றவரிடம் நீட்டினார். அது கீழே விழுந்தது. நண்பரைச் சத்தமே இல்லாமல் சிறுத்தை எடுத்துப் போயிருந்தது. அந்த அறையில் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால்கூட, எந்தத் தோட்டா போட்டிருந்தாலும், என்ன பயன்? ஆபத்து என்று தெரிந்துகொள்ளவே நேரம் இல்லை.

இன்னொரு வீட்டில், பெற்றோர் இல்லாத 14 வயதுச் சிறுவன். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவன். 40 ஆடுகளை மேய்ப்பது அவன் வேலை. ராத்திரி ஆடுகளோடு ஒரே அறையில் அவனை வைத்து, கதவு வளையத்தில் ஒரு குச்சியைச் செருகிவிட்டு முதலாளி மாடியில் தூங்குவார். சிறுவன் தன் பங்குக்கு உள்ளிருந்து ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருந்தான். சிறுத்தை பிறாண்டியதில் குச்சி நழுவியது, கல்லும் நகர்ந்தது. 40 ஆடுகளில் ஒன்றைக்கூடத் தொடாமல் சிறுவனை மட்டும் தூக்கிப் போனது.

அந்த மலையில் 4,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் இருந்தன. அந்தச் சிறுவனுக்குத் தேவைப்பட்டது ஒரு சரியான தாழ்ப்பாள். அதை யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை.

கார்பெட் இந்த வேலையை ஏற்றுக்கொண்டபோது இரண்டு நிபந்தனை வைப்பது வழக்கம். பரிசுத் தொகையை ரத்து செய்ய வேண்டும், மற்ற வேட்டைக்காரர்கள் அந்தப் பகுதியை விட்டுப் போக வேண்டும். பரிசுக்காகக் கொல்பவர் என்ற பெயர் அவருக்குப் பிடிக்காது. இரண்டாவது நிபந்தனைக்குக் காரணம் இன்னும் எளிமையானது. இருட்டில் தவறுதலாகத் தானே சுடப்பட்டுவிடக் கூடாது என்ற பயம். பயத்தில் இருக்கும் பத்துப் பேர் கையில் துப்பாக்கி இருந்தால் சிறுத்தையைவிட அதுதான் ஆபத்து என்று அவருக்குத் தெரியும்.

1926 மே மாதத் தொடக்கத்தில், குலாப்ராய் என்ற யாத்ரிகர் சத்திரத்துக்கு அருகே, ஒரு மாமரத்தின் மேல் இரவிரவாகக் காத்திருந்தார். கீழே ஓர் ஆடு, அதன் கழுத்தில் மணி. ரைஃபிளில் பொருத்திய டார்ச். பதினோராவது இரவில் மணி சிணுங்கியது. ஒரு வெளிச்சம், ஒரு குண்டு. அவ்வளவுதான். அவர் மாதக்கணக்கில் செலவிட்டது சுடுவதற்கு அல்ல, அது எந்தப் பாதையில், எந்த நேரத்தில் வருகிறது என்று தெரிந்துகொள்வதற்கு.

அவர் தன் வீட்டை எப்படிக் காத்தார்?

காலாதூங்கிக்குப் பக்கத்தில் சோட்டி ஹல்த்வானி என்ற கிராமம் கார்பெட்டுக்குச் சொந்தமாக இருந்தது. காட்டுப் பன்றியும் மானும் பயிரை அழித்தன, பின்னாலேயே புலியும் சிறுத்தையும் வந்தன. உலகமே கொண்டாடிய துப்பாக்கிக்காரர் அங்கே என்ன செய்தார் தெரியுமா? ஊரைச் சுற்றிக் கல் சுவர் எழுப்பினார். அந்தச் சுவரின் பகுதிகள் இன்றைக்கும் நிற்கின்றன. 1947-ல் இந்தியாவை விட்டுக் கிளம்பும்போது நிலத்தை அங்கே உழுதவர்களுக்கே விட்டுவிட்டார்.

வயது ஏற ஏற அவர் கையில் துப்பாக்கியைவிடக் கேமரா அதிகம் இருந்தது. புலிகளைப் படம் எடுப்பதில் முன்னோடியான எஃப்.டபிள்யூ. சாம்பியனின் தாக்கம் அதில் உண்டு. 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா, ஹெய்லி பூங்கா என்ற பெயரில் அமைந்ததற்கு இருவரும் பாடுபட்டார்கள். 1944-ல் வந்த அவருடைய குமாவுன் புலிகள் பற்றிய புத்தகம் உலகப் புகழ் பெற்றது.

சுதந்திரத்துக்குப் பிறகு அக்கா மேகியோடு கென்யாவுக்குப் போய் நியெரி ஊரில் குடியேறினார். 1952-ல் இளவரசி எலிசபெத் ட்ரீடாப்ஸ் மரவீட்டில் தங்கிய இரவில் கார்பெட்டும் அங்கே இருந்தார். அன்றிரவுதான் அவருடைய தந்தை இறந்தார், இளவரசி ராணி ஆனார். இரண்டு வருடம் கழித்து, மாவ் மாவ் கிளர்ச்சியின்போது அந்த மரவீடே எரிக்கப்பட்டது. வெள்ளைக்காரக் குடியேறிகள் தலையணைக்குப் பக்கத்தில் துப்பாக்கி வைத்துத் தூங்கிய காலம் அது. யாருடைய நிலம் என்ற கேள்விக்கு எந்தத் தோட்டாவிலும் பதில் இருக்கவில்லை. 1955 ஏப்ரல் 19 அன்று கார்பெட் நியெரியில் இறந்தார். அவர் இறந்த பிறகு, ஹெய்லி பூங்காவாகத் தொடங்கிய அந்தக் காட்டுக்கு இந்திய அரசு அவர் பெயரையே வைத்தது.

சரி, இன்றைக்கு உங்களுக்கு?

அந்த அமெரிக்க வீடியோவுக்குத் திரும்புவோம். ரவை சுவரைத் துளைத்துப் பக்கத்து அறைக்குப் போகுமா என்பதுதான் அங்கே பெரிய விவாதம். காரணம், அங்கே பல வீடுகளின் உட்சுவர் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும். நம் வீட்டில் செங்கலும் கான்கிரீட்டும். இங்கே ரவை சுவரில் பட்டுத் தெறித்துத் திரும்பலாம். துளைத்துப் போவது கதவையும் ஜன்னலையும். அவர்களுடைய விடையை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் வீட்டுக்குப் பொருந்தாது.

சட்டமும் வேறு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி வைத்துக்கொள்வது இங்கே உரிமை அல்ல, அனுமதி. போலீஸ் விசாரணைக்குப் பிறகுதான் லைசென்ஸ். எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். கல்யாணத்திலும் திருவிழாவிலும் மற்றவர்களுக்கு ஆபத்தாகச் சுடுவதும் குற்றம்.

தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கிறது. இரவில் வீட்டை உடைத்துப் புகுபவனுக்கு எதிராக உயிர் போகும் அளவுக்குக்கூடச் சில சூழல்களில் அது நீளும். ஆனால் ஒரு எல்லை உண்டு. காத்துக்கொள்ளத் தேவையானதைவிட அதிகமாகத் தீங்கு செய்யக் கூடாது. போலீஸை அழைக்க நேரம் இருந்தால் அந்த உரிமை கிடையாது. பின்னால் நீதிமன்றம் கேட்கப்போவது எந்த ரவை என்று அல்ல, சுட வேண்டிய அவசியம் இருந்ததா என்று.

கார்பெட்டின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் வரிசை இப்படி வருகிறது. முதலில் கதவும் தாழ்ப்பாளும். அடுத்து வெளிச்சம். பிறகு அக்கம்பக்கத்து ஆட்கள், அழைத்தால் ஓடிவரும் குரல்கள். எதிரே நிற்பது யார், அவருக்குப் பின்னால் யார் என்று உறுதியாகத் தெரிந்துகொள்வது அதற்கும் அடுத்து. இத்தனையும் முடிந்த பிறகு, கடைசியாக, லைசென்ஸ் உள்ள ஒருவருக்கு மட்டும் எழ வேண்டிய கேள்விதான் எந்தத் தோட்டா என்பது. நம்மில் பலரும் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறோம். காரணம், அதைக் கடையில் வாங்க முடியும்.

உத்தராகண்ட் மலைகளில் இன்றும் சிறுத்தைகள் வீட்டு முற்றத்திலிருந்து குழந்தைகளைத் தூக்கிப் போகின்றன. வேட்டைக்காரரை அழைப்பதற்கு முன்னால் அங்கே சொல்லித் தரப்படுவது, இருட்டினால் குழந்தைகளைத் தனியே வெளியே விடாதீர்கள், வீட்டைச் சுற்றிப் புதரை வெட்டுங்கள், விளக்குப் போடுங்கள் என்பதுதான். உங்கள் வீட்டில் வாசல் விளக்கு எரிகிறதா, பின்கதவின் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று இன்றைக்கு ராத்திரி ஒருமுறை பாருங்கள். எதிர்வீட்டுக்காரரின் போன் நம்பர் உங்களிடம் இல்லை என்றால், நாளைக்குக் காலையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.